தகடு வைத்து மூன்று, தகடு இல்லாமல் மூன்று

இந்த மின்விசிறி ஒரு பக்கமாக ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இறக்கை ஒன்றில் திருகு தளர்ந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, தலையில் விழாது. ஆனால் இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் பேரிங் போய்விடும். ஒரு திருப்புளி கொடுத்தீர்களானால் வாக்குமூலம் முடிந்ததும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகிறேன். போகிறேன் என்று சொன்னது பழக்கதோஷம், எழுத வேண்டாம்.

என் பெயர் பக்தவத்சலம். வயது அறுபத்து மூன்று. ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில், முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸைக் காலிசெய்த பிறகு நூம்பலில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். மனைவி சுசீலா, மகளின் பிரசவத்துக்காக நான்கு மாதமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் இருந்திருந்தால் மத்தியானத்தில் என்னை வாசலைத் தாண்டவே விட்டிருக்க மாட்டாள்.

பரிசோதனைப் பிரிவைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், ரைட்டர் பச்சையப்பன் அதை மட்டும் நிறுத்தி எழுதிக்கொள்ளட்டும். ஒரு பழுது இன்னதால்தான் வந்தது என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டுமானால், அந்தக் காரணம் இருக்கும்போது மூன்று முறை பழுது வர வேண்டும். காரணத்தை நீக்கிவிட்டால் மூன்று முறை வராமல் இருக்க வேண்டும். ஆறு சோதனையும் உண்மையான உபயோகத்தில் நடக்க வேண்டும், மேஜைமேல் வைத்துப் பார்த்ததெல்லாம் சேராது. சோதனை எப்போது என்று வண்டிக்கு உரியவர்களுக்குத் தெரியவும் கூடாது. இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் நான் செய்ததில் தப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்வது உங்களுக்கே சிரமமாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கிரண் நல்ல பையன். கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் இரண்டு நாள் அம்பத்தூர் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலேயே காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பான். மனைவி ராதிகா. ராதிகாவின் அம்மா சாமுண்டீஸ்வரி அம்மாளும் அவர்களோடுதான் இருக்கிறார். நூம்பலில் மனைகளாகப் போன நிலத்தில் பாதி ஒரு காலத்தில் அந்த அம்மாளின் குடும்பத்துடையது. நான் வீடு கட்டிய இடமும் அவர்கள் கத்தரிக்காய் போட்ட இடம் என்பார்.

போன சித்திரையில் கிரண் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாக இருக்கும். நூம்பல் வேகத்தடைகளை அது நேராக ஏறாது, குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். கிரணுக்கு அது வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பையன் அதை ஓட்ட ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனான். அந்த டிரைவர்தான் ஜஸ்டின். வேலப்பன்சாவடியில் வீடு, இருபத்தெட்டு வயது. தங்கமான கை. குவைத்தில் ஒரு குடும்பத்துக்கு டிரைவராகப் போக விசா வந்து, காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காத்திருந்தான். சான்றிதழோடு நேற்று வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்டிடம் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. இதை அவன் எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். எனக்கும் தெரியும்.

காரில் திருட்டைக் கண்டுபிடிக்கும் டிராக்கர் ஒன்று இருந்தது. அதுதான் இந்த வழக்கின் மூலம். ஒருநாள் கிரண் அம்பத்தூரிலிருந்து எனக்குப் போன் செய்தான்.

"அங்கிள், ஆப்ல பார்த்தா கார் நம்ம வீட்ல நிக்குது. ஆனா நான் கார்ல உட்கார்ந்துதான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்."

சாயங்காலம் வந்ததும் பார்க்கச் சொன்னான். தெருவில் மிக்சி ஓடாவிட்டாலும் மோட்டார் இறைக்காவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள், அந்த உரிமையில் கேட்டான். அவன் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது நான் டேஷ்போர்டைக் கழற்றினேன். ஐந்தே நிமிடம். டிராக்கர் பெட்டியின் தலைமேல், அளவெடுத்த மாதிரி, ஒரு செப்புத் தகடு ஒட்டியிருந்தது. கட்டம் கட்டமாக எழுத்து, நடுவில் குங்குமம். கார் திருட்டுப் போகக் கூடாது என்று சாமுண்டீஸ்வரி அம்மாள் பட்டாபிராமில் ஒருவரிடம் எழுதி வாங்கி, பூஜை போட்ட அன்றே இருபுறமும் ஒட்டும் டேப் வைத்து, வெளியே தெரியாத பத்திரமான இடமாகப் பார்த்து ஒட்டியது. அந்தப் பத்திரமான இடத்தில்தான் டிராக்கரையும் வைத்திருந்தார்கள். தகடு மறைத்ததால் பெட்டிக்கு வானம், அதாவது செயற்கைக்கோள், தெரியவில்லை. வானம் தெரியாததால், தகடு ஒட்டிய அன்று எங்கே இருந்ததோ அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. தகட்டை எடுத்தேன், இரண்டு நிமிடத்தில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரும்ப வைத்தேன், விளக்கு அணைந்தது.

அப்போதே கிரணைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அது நின்ற வண்டியில், ஒரே ஒரு முறை பார்த்தது. உண்மையான உபயோகம் இல்லை. திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு உண்மையான உபயோகம் என்ன மேடம்? திருட்டுதான். ஆக, தகடு வைத்து மூன்று, தகடு இல்லாமல் மூன்று. கிரணிடம் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் இல்லை.

சாவி கிடைப்பதில் சிரமமே இருக்கவில்லை. கிரண் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் ஜஸ்டின் காலையில் வந்து காரைத் துடைத்துவிட்டுப் பதினோரு மணிக்குப் போய்விடுவான். கிரண் மீட்டிங்கில் இருந்தால் கதவைத் தட்ட மாட்டான். என் வீட்டு வராந்தா கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறது, அதில் மாட்டிவிட்டுப் போவான், சாயங்காலம் கிரண் வந்து எடுத்துக்கொள்வான்.

முதல் தடவை நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டேன். யாருமே கவனிக்கவில்லை. உரியவன் கவனிக்காத திருட்டு திருட்டாகுமா? அதனால் அதை ரத்து செய்துவிட்டேன். அடுத்த செவ்வாய், மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்து, ஆறு மணிவரை வைத்திருந்தேன். அதுதான் முறையான முதல் சோதனை.

இரண்டு தெரு தள்ளி காரை நிறுத்தி, சாவியை சீட்டிலேயே போட்டுவிட்டு நடந்து வந்தேன். கிரண் காலியான கார் ஷெட்டில் போனோடு நின்றுகொண்டிருந்தான். கார் இங்கேதான் நிற்கிறது என்று ஆப் சொன்னது. டிராக்கர் கம்பெனியின் உதவி எண்ணில் இருந்த பெண்ணும் அதையே பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வலது பக்கம் போய்ப் பாருங்கள் சார் என்றாளாம். பையன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு வெறும் தரையில் வலது பக்கம் போய்ப் பார்த்தான். எனக்குப் பாவமாக இருந்தது. நானும் தேடக் கிளம்பி, அரைமணியில் காரை நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். எல்லாரும் நன்றி சொன்னார்கள். ஜஸ்டினைக் கேட்டதற்கு, சாவியை ஆணியில்தான் மாட்டினேன் என்று அடித்துச் சொன்னான். கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு மறந்திருப்பான் என்று கிரண் முடிவுகட்டினான். சாமுண்டீஸ்வரி அம்மாள் மட்டும் அதை ஏற்கவில்லை.

"உங்க மெஷினு இன்னா பண்ணுச்சி மாப்ள? ஊட்லயே கீது, ஊட்லயே கீதுன்னு சொல்லிக்கினு இருந்துது. தகடுதான் வண்டிய இட்டாந்துச்சி."

இரண்டாவது சோதனைக்குச் சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தேன். மண்டபத்தில் நிற்கும் காரை யாரும் யாருடையது என்று கேட்பதில்லை. நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று. பாயசம் இரண்டு தடவை வந்தது. வெளியே வந்து பார்த்தால் சிவப்புக் காரைப் பார்த்த யாரோ, ஊர்வலத்துக்கு வந்த வண்டி என்று முன்னாலும் பின்னாலும் ரோஜாவும் சம்பங்கியும் கட்டி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பெண் பெயர் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. பூவைப் பிய்த்துக்கொண்டு நின்றால் சந்தேகம் வரும் என்பதால் அப்படியே ஓட்டி வந்துவிட்டேன்.

திருட்டுப் போன கார் மாலையும் கழுத்துமாகத் தெருமுனையில் நிற்பதைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரி அம்மாள் தெருவிலேயே விழுந்து கும்பிட்டார். அந்த வாரத்திலிருந்து காருக்குக் காலையில் கற்பூரம் காட்ட ஆள் வர ஆரம்பித்தது. எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வண்டிக்குத் தகடு எழுதி வாங்கினார்கள். கிரணுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஜஸ்டின் தனக்குத் தெரியாமல் காரைக் கல்யாண வாடகைக்கு விடுகிறான் என்று அவன் கணக்குப் போட்டான். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பூவுக்கு அதுதான் பொருத்தமான விளக்கம். ஜஸ்டினை நிற்கவைத்துக் கத்தினான், இனிமேல் சாவி தன் கையில்தான் வர வேண்டும் என்றான். அந்தப் பையன் குனிந்து காரிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் கிரணிடம், போகட்டும் விடுப்பா, வெளிநாடு போகிற பிள்ளை என்று எடுத்துச் சொன்னேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரைட்டர் பேனாவைக் கீழே வைக்கலாம். முப்பத்து நான்கு வருடம் நான் ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். மடியில் நோட்டு, கையில் பென்சில், சோதனைப் பாதையில் மணிக்கு இருபது கிலோமீட்டர். ஸ்டீயரிங் எப்போதும் வேறு ஒருவன் கையில். லைசென்ஸ் எடுத்ததோடு சரி, சொந்தமாக எனக்கு இருந்தது ஒரு மொபெட். சென்னீர்குப்பம் தாண்டி நெடுஞ்சாலையில் அந்தச் சிவப்பு வண்டி நூற்றிப்பத்தைத் தொட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, அந்த வண்டியில் அது ஒரு சின்னக் குறை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வேலையைச் சரியாகச் செய்யும் யாருக்கும் இருக்கும் சந்தோஷம்தான். இப்போது மறுபடி எழுதலாம்.

மூன்றாவது சோதனை நீளமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று புதன்கிழமை. ஜஸ்டின் அவசரமாக வந்தான். சான்றிதழ் விஷயமாக எங்கேயோ நிற்க வேண்டும், கிரண் மீட்டிங்கை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னிடம் வந்து கெஞ்சினான்.

"அங்கிள், இன்னிக்கு ஒரு நாளு மட்டும் ஆணில மாட்டிட்டுப் போறேன். கிரண் சாரு கைலதான் குடுக்கணும்னு சொல்லிக்கிறாரு. அவருக்குத் தெரிய வாணாம் அங்கிள், யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று காரைப் பட்டாபிராமில், ரயில் பாதையை ஒட்டிய மரநிழல் தெருவில் விட்டுவிட்டு மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் வீடு வந்தேன். அந்தத் தெருவைப் பற்றி எனக்குச் சொன்னதே ஜஸ்டின்தான். எத்தனை நாள் வண்டி நின்றாலும் யாரும் கை வைக்க மாட்டார்கள் அங்கிள் என்பான். அவன் மனைவி ரேணுகாவின் தாய்வீடு அந்தத் தெருவில் இருக்கிறது என்பது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கார் அங்கே இரண்டு நாள் நின்றது. கிரண் புகார் கொடுத்தான். ஆப் அப்போதும் கார் வீட்டில் இருக்கிறது என்றே சொன்னது. நீங்கள் அதை நம்பாமல் தேடிக் கண்டுபிடித்தீர்கள், அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். மாமியார் வீட்டு வாசலில் கார் கிடைத்தால் யாரைப் பிடிப்பீர்களோ அவனைப் பிடித்தீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை.

மேடம், நீங்களே என் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். ஜஸ்டின் அன்று சாவியை உங்கள் ஆணியில் மாட்டினானா என்றீர்கள். நான் இல்லை என்றேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருவன் ஜெயிலுக்குப் போகிறான் என்பதற்காக அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறினால், பிறகு வாக்கு என்று ஒன்றை எதற்குக் கொடுப்பது?

மறுவாரம் ரேணுகா வந்தாள். வெயிலில் நடந்து வந்திருந்தாள், மோர் கொடுத்தேன். விசாக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்திருந்தாள்.

"அங்கிள், அவுரு உங்க ஆணிலதான் சாவிய மாட்னாரு. அத்த மட்டும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. அவுரே சொல்லச் சொன்னாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கெயமைக்குள்ள சர்டிபிகேட்டு கெடைக்கலேன்னா எல்லாம் போச்சு அங்கிள்."

வாக்கு ஜஸ்டினுக்குக் கொடுத்தது, அதிலிருந்து விடுவிக்க வேண்டியவன் அவன், அவள் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். ஜெயிலுக்கு நேரில் போய்ப் பார்க்கலாம்தான், ஆனால் மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு முட்டி வலி. அவள் அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வருத்தம் வேறு, நடைமுறை வேறு.

உண்மையைச் சொன்னால், அவனை வெளியே கொண்டுவர என்னிடம் இன்னொரு வழியும் இருந்தது. தகடு இல்லாத மூன்று சோதனைகள் மிச்சம். ஜஸ்டின் உள்ளே இருக்கும்போது கார் மறுபடி திருடு போனால், திருடியது அவன் இல்லை என்று தானாகத் தெரிந்துவிடும். அவன் உள்ளே இருந்த இந்தப் பதினாறு நாளும் இதை யோசித்தேன். ஆனால் அப்படிச் செய்தால் அது ஜஸ்டினுக்காகச் செய்த சோதனையாகிவிடும். சோதனையின் முடிவில் சொந்த அக்கறை உள்ளவன் பரிசோதகனாக இருக்கக் கூடாது, அது எங்கள் பிரிவின் முதல் விதி. தகடு இல்லாவிட்டால் டிராக்கர் நான் போகும் இடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதும் ஒரு விஷயம். பயம் என்று எழுத வேண்டாம். சூழ்நிலை சாதகமாக இல்லை என்று எழுதுங்கள்.

அதனால் தகடு அங்கேயே இருக்கிறது, இன்றுவரை. கற்பூரமும் நடக்கிறது. கிரணுக்குத்தான் அலுத்துவிட்டது. காரை விற்கப் போகிறேன் என்று இந்த வாரம் புதன்கிழமை என்னிடம் சொன்னான். அவசரப்படாதே, டிராக்கரை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றேன். எவ்வளவோ சொன்னேன். ரேணுகா என் முன்னால் அழுததைவிட அதிகமாகவே நான் அவனிடம் கெஞ்சியிருப்பேன். அவன் கேட்கவில்லை. போட்டோ பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார், நாளை ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

ஆகவே, இந்த வழக்கின் உண்மைக் குற்றவாளி நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை எடுத்தது நான், ரத்து செய்ததையும் சேர்த்தால் நான்கு. ஜஸ்டினுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு வேண்டுகோள். கார் கிடைத்ததுமே கிரணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், ஆனால் அது இப்போதும் வழக்குச் சொத்து, சட்டப்படி அதை விற்க முடியாது. இன்றைக்கே கிரண் வீட்டிலிருந்து கைப்பற்றி இங்கே கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினால் வண்ணம் வெளுக்காது. வாரம் ஒரு முறையாவது யாராவது அதை ஓட்ட வேண்டும், பேட்டரி இறங்கிவிடும். உங்கள் ஆட்களுக்கு அந்த வேகத்தடை வித்தை வராது. நான் எப்படியும் இங்கே பக்கத்தில்தான் இருப்பேன்.

ஏன் இத்தனை நாள் கழித்து வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். ஜஸ்டினின் கெடு நேற்று சாயங்காலத்தோடு முடிந்தது. பெங்களூர்க்காரர் இன்று காலை பத்தரைக்கு வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். நான் பதினொன்றேகாலுக்கு உங்கள் வாசலில் நின்றேன். ஒருவனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று மனசாட்சி உறுத்த ஆரம்பித்தால், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூடத் தாமதிப்பவன் நான் இல்லை, மேடம்.